குழந்தை வளர்ப்பு யார் வேலை?

நமது நாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு மந்திரிகள் பேசியதும், தேர்தலில் ஜெயித்ததும் தோற்றதும், கோயில் கும்பாபிஷேகமும், சினிமாக்காரர் கல்யாணமுந்தான் எழுதத் தகுந்த விஷயங்களாக இருந்து வருகின்றன. ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இருக்குமானால், அந்த வீடு காலை முதல் இரவு வரை எப்படி நடக்கின்றது, அதற்காகத் தூக்கத்தை விடுகிறவர் யார், உத்தியோகத்தை விடுகிறவர் யார் என்கின்ற சங்கதிகளெல்லாம் "பொம்பிளைப் பேச்சு" என்று தள்ளப்பட்டு விடுகின்றன. ஆனால் அரசியல் என்று இன்று பேசப்படும் அநேக விஷயங்களைவிட இது முக்கியமான விஷயம் என்பதே நமது அபிப்பிராயமாகும். ஏனெனில், ஜாதி, மதம், கடவுள் பயம், ஆண் உயர்வு, பெண் தாழ்வு ஆகிய எல்லாவற்றிற்கும் முதல் பள்ளிக்கூடம் அந்த வீடேயாகும். முதல் பாடம் ஆரம்பிப்பதும் அந்த வயதில்தான். அன்றியும், ஒரு பெண்ணுக்குப் படிப்பு, உத்தியோகம், சொத்து ஆகிய இவ்வளவும் கிடைத்த பிறகும்கூட, அவளைத் திரும்பவும் அடுப்பங்கரைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற காரியம் இந்த இரண்டு மூன்று வருஷத்திற்குள்தான் நடந்து முடிந்து விடுகின்றது.

முதலாவதாக, வேலை இன்னதென்று பார்ப்போம். கைக்குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். நடக்க ஆரம்பித்த குழந்தையோ வைத்த இடத்தில் இராது. அடுப்பைத் தொடப் போகும், படியில் ஏறும், கீழே கிடக்கும் பொத்தானையும், காசையும், மாத்திரையையும் எடுத்து வாயில் போடும், குளிக்கிற அறையில் இருக்கும் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் இந்த வயதுக் குழந்தையின் உயிர் போய்விடும். இப்படிப்பட்ட குழந்தையின்மீது ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் தாய் சமைக்கிறாள், துவைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். குழந்தைக்கு ஒரு கிண்ணம் பருப்புச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகின்றது. அதில் பாதி தரையிலும், கால் பங்கு அவள் சேலையிலும் போய், மிச்சந்தான் வயிற்றுக்குப் போகின்றது. தரையைத் துடைத்து முடிப்பதற்குள் மூத்திரம். அந்தத் துணியை அலசி முடிப்பதற்குள் அழுகை. இரவில் இரண்டு மூன்று தடவை விழிப்பு. மறுநாள் காலையில் இந்தத் தாயும் மற்றவர்களைப் போலவே பஸ் பிடித்து ஆபீசுக்கோ, மில்லுக்கோ, களை எடுக்கவோ போக வேண்டும்.

இதே வீட்டில் தகப்பன் என்று ஒருவர் இருக்கிறார். அவர் மாலையில் வருகிறார். குழந்தை சிரித்துக் கொண்டிருந்தால் தூக்கிக் கொஞ்சுகிறார். அழுதால் "இந்தா, உன் பிள்ளையைப் பிடி" என்று தாயிடம் நீட்டி விடுகிறார். சிரிக்கிற குழந்தை அவருடையது. அழுகிற குழந்தை அவளுடையது. குழந்தைக்கு ஜுரம் வந்தால், "வீட்டில் இருந்துகொண்டு என்னதான் பார்த்தாய்?" என்று கேட்கிற அதிகாரமும் அவருக்கு உண்டு. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் குழந்தையை வைத்திருந்துவிட்டால், ஊரார் அவரை "எவ்வளவு நல்ல புருஷன்!" என்று புகழ்கிறார்கள். 23 மணி நேரம் பார்த்தவளை யாரும் புகழவில்லையே ஏன்? என்று கேட்டால், "அது அவள் கடமைதானே" என்று பதில் வருகின்றது.

இது நாம் ஆத்திரத்தில் மிகைப்படுத்திச் சொல்வதல்ல. 2019-ம் வருஷத்தில் இந்திய சர்க்காரின் புள்ளிவிபர இலாக்காவே, ஜனங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையை 100 பெண்களில் 81 பேர் செய்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண் நாள் ஒன்றுக்கு 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செய்கிறார்கள். குழந்தைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெண்களில் 100-க்கு 27 பேருக்கு மேலும், ஆண்களில் 14 பேரும் ஈடுபடுகிறார்கள். அதிலும் பெண்ணுக்கு 134 நிமிஷம், ஆணுக்கு 76 நிமிஷம். அதாவது 100 ஆண்களில் 74 பேர், வீட்டில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாமல் தங்கள் நாளைக் கழிக்கிறார்கள் என்பது சர்க்கார் கணக்காகும். இதை நாஸ்திகர்கள் கட்டிய கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சரி, வேலை முழுவதும் தாய்க்கு என்றால் உரிமையாவது தாய்க்கு உண்டா என்று பார்த்தால், அங்கேதான் மனுதர்மத்தின் யோக்கியதை வெளியாகின்றது. 1956-ம் வருஷத்தில் இந்துக்களுக்கென்று செய்த இளவர் பாதுகாப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு என்ன சொல்லுகிறது? குழந்தைக்கு இயற்கையான பாதுகாவலர் தகப்பன். "அவருக்குப் பிறகு" தாய். ஆனால் 5 வயது பூர்த்தியாகாத குழந்தை சாதாரணமாகத் தாயின் வசத்தில் இருக்க வேண்டுமாம்! இதன் அர்த்தத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். மலமும் மூத்திரமும் அள்ளுகிற காலம் முழுவதும் குழந்தை தாயிடம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற அதிகாரம் மாத்திரம் தகப்பனிடம் இருக்க வேண்டும். மாட்டை மேய்க்கிறவன் ஒருவன், மாட்டுக்குச் சொந்தக்காரன் வேறொருவன் என்று பண்ணையில் இருக்கிறதல்லவா? அந்தப் பண்ணை நியாயத்தைத்தான் பெற்ற பிள்ளை விஷயத்தில் சட்டமாக எழுதி வைத்தார்கள். கீதா ஹரிஹரன் என்னும் எழுத்தாளர் இதை எதிர்த்து வழக்காடினார். 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு, "அவருக்குப் பிறகு" என்பதற்குத் தகப்பன் செத்த பிறகு என்றுதான் அர்த்தம் கொள்ள வேண்டியதில்லை, அவர் கவனிக்காமலோ கவனிக்க முடியாமலோ இருக்கும்பொழுது என்றும் கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த அளவுக்கு அது வரவேற்கத்தக்கதே. ஆனாலும் தகப்பன் முதல், தாய் இரண்டாவது என்கின்ற எழுத்தைக் கோர்ட்டு அழித்துவிடவில்லை.

இந்த அநியாயத்தை மூடுவதற்காகவே "தாய் தெய்வம்" என்கின்ற புகழ்ச்சி கண்டுபிடிக்கப்பட்டதாக நாம் கருதுகின்றோம். தெய்வத்திற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. தெய்வத்திற்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. தெய்வத்திற்குக் களைப்பு வராது, கோபம் வரக்கூடாது. ஒருவரை மனுஷர் என்று ஒப்புக்கொண்டால் அவருக்குப் பசி, தூக்கம், ஆசை, ஓய்வு எல்லாம் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். ஆகையினால் பெண்ணை மனுஷியாக ஒப்புக்கொள்ள இஷ்டமில்லாதவர்கள் அவளைத் தெய்வமாக்கி விட்டார்கள். நமக்குத் தெய்வமும் வேண்டாம், அடிமையும் வேண்டாம். மனுஷியாய் நடத்தினால் போதும்.

"ஆண்களுக்குக் குழந்தையை வளர்க்கக் கை வராது, இயற்கை அப்படி" என்று சிலர் சொல்லுகிறார்கள். இயற்கை ஆணுக்குக் கொடுக்காதது இரண்டுதான். ஒன்று கர்ப்பம், மற்றொன்று முலைப்பால். குளிப்பாட்டவும், சோறு ஊட்டவும், தூளி ஆட்டவும், துணி அலசவும், கதை சொல்லவும் எந்த அவயவம் ஆணிடத்தில் குறைவாய் இருக்கின்றது என்று கேட்கின்றோம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவன் யார்? ஆண். ஓட்டலில் தோசை வார்க்கிறவனும், எச்சில் மேஜை துடைக்கிறவனும் யார்? ஆண். ஊரார் அழுக்குத் துணியை வெளுக்கிறவர்களிலும், துணி தைக்கிறவர்களிலும், குழந்தை வைத்தியர்களிலும் எத்தனையோ ஆண்கள் இருக்கிறார்கள். கூலி கிடைக்கிற இடத்தில் எல்லாம் ஆணுக்குக் கை வருகின்றது. கூலியில்லாத தன் வீட்டில் மாத்திரம் கை வராமல் போகின்றது என்றால், இது இயற்கையா, சோம்பேறித்தனமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

நிற்க. இந்த ஓரவஞ்சனையால் கெடுவது தாய் மாத்திரமல்ல, குழந்தையுங்கூட என்பதை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். ஒருத்தி நான்கு ஆள் வேலையை ஒரே சமயத்தில் செய்ய வேண்டியிருந்தால் குழந்தையை எப்படி அடக்குவாள்? சமாதானமாய்ப் பேசிக் குழந்தையைப் பழக்க நேரம் வேண்டும். அவளிடம் நேரம் இல்லை. ஆகவே பயத்தைக் கூப்பிடுகிறாள். "சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி வருவான்." "தூங்காவிட்டால் போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான்." "அழுதால் டாக்டர் ஊசி போட்டு விடுவார்." "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்." இவற்றை மூடநம்பிக்கை என்று நாம் வெகு காலமாய்க் கண்டித்து வருகின்றோம். ஆனால் வெறும் கண்டனத்தால் இவை ஏன் ஒழியவில்லை? என்ன காரணமென்றால், பூச்சாண்டியும் சாமியும் அந்த வீட்டில் சம்பளமில்லாத ஆயா வேலை பார்க்கிறார்கள். தகப்பன் செய்ய வேண்டிய வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தகப்பன் வந்து வேலைக்குச் சேர்ந்தாலொழியப் பூச்சாண்டி வேலையை விட்டுப் போகமாட்டான்.

இதன் பலன் என்ன ஆகின்றது? டாக்டரைக் காட்டிப் பயமுறுத்தப்பட்ட குழந்தை, நிஜமாகவே ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்பொழுது வீறிட்டு அலறுகின்றது. சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்ட குழந்தை, பெரியவனான பிறகு உத்தியோகத்தில் லஞ்சம் வாங்குகிறான். வாங்கிவிட்டுக் கண்ணைக் குத்தாமல் இருப்பதற்காக உண்டியலில் ஒரு பங்கு போடுகிறான். தப்பு எது, ஏன் தப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்டிக்கிறவனைச் சரிக்கட்டி விட்டால் போதும் என்றுதான் அவன் தொட்டிலிலிருந்தே கற்றுக்கொண்டான்.

பூச்சாண்டி போய் இப்பொழுது செல்போன் வந்திருக்கின்றது. ஒரு கையில் சோறு, மறு கையில் செல்போன் என்று ஊட்டினால், குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டே, தின்பது இன்னதென்று தெரியாமல் விழுங்குகின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட யோசனையில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரைப்படங்களே வேண்டாம் என்றும், 2 வயது முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் சொல்லியிருக்கின்றது. உடனே எல்லோரும் தாயின்மீது பாய்கிறார்கள்: "செல்லைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாள்." அந்தச் சமயத்தில் தகப்பன் எங்கே இருந்தார், அவர் கையில் என்ன இருந்தது என்று கேட்பாரில்லை. அவர் கையிலும் செல்போன்தான் இருந்தது!

இனி, இந்த வயதில் நடக்கிற மற்றொரு போதனையைக் கவனிப்போம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பசிக்கிறது. பசியை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. தூக்கம் வருகிறது, அதையும் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவை பிறவியில் உள்ளவை. அதே குழந்தை, தெரு கூட்ட வந்த அம்மாளின் இடுப்பில் தாவி ஏறுகிறது. எதிர் வீட்டுக் குழந்தை கடித்த ரொட்டியைப் பிடுங்கித் தின்கிறது. அடுத்த தெருப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மண்ணில் புரளுகிறது. உடனே பெரியவர்கள் ஓடி வந்து, "சீ, கீழே போடு", "அங்கே வாங்கித் தின்னாதே", "அவனோடு சேராதே" என்கிறார்கள். ஜாதி பிறவியிலேயே இருப்பதானால், அதைக் குழந்தைக்கு அடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? என்று கேட்கின்றோம். பசியைப் போலத் தானாகவே வந்திருக்க வேண்டாமா? பிள்ளை பிடிக்கிறவன் என்று நாடோடி ஜாதியாரைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, அந்தக் குழந்தை பெரியவனாகி அந்த ஜாதியார்மேல் திருட்டுப் பட்டம் கட்டும்பொழுது அதற்கு விதை போட்டவர்கள் யார்?

அதுபோலவேதான் ஆண் பெண் பேதமும். செப்புச் சாமான் வைத்துச் சோறாக்கி விளையாடுவதில் இந்த வயதில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பேதமில்லை. பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கிற ஆண் குழந்தைகள் எத்தனையோ உண்டு. "என்னடா, பொட்டைப் பிள்ளை மாதிரி!" என்று சொல்லிப் பொம்மையைப் பிடுங்கிப் பந்தைக் கொடுக்கிறோம். 25 வருஷம் கழித்து அவனுக்குக் குழந்தை பிறந்ததும், "எனக்குத் தூக்கத் தெரியாது" என்கிறான். பிடுங்கியது நாம்; பழியை இயற்கையின்மேல் போடுகிறோம்.

குழந்தையின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல் முளைக்கிற வயதில் கண்டதையும் வாயில் வைப்பதால் வயிற்றுப்போக்கு வருகின்றது. உடனே "திருஷ்டி" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதும், "தோஷம்" என்று மந்திரிப்பதும், எல்லாவற்றிற்கும் மேலாக, போவது நிற்கும் என்று குழந்தைக்குத் தண்ணீரையும் பாலையும் நிறுத்துவதும் இன்னமும் நடக்கின்றன. குழந்தை சாவது தண்ணீர் வற்றித்தான். 1971-ல் வங்க தேச யுத்தத்தின்போது, பன்கான் அகதி முகாமில் காலராவினால் ஜனங்கள் செத்துக் கொண்டிருந்த சமயம், டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கரைத்த தண்ணீரை வாய் வழியாகவே குடிக்கச் செய்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அந்தப் பொட்டலம் இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். உடனே கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், கரண்டி தலை தட்டினதாய், அளந்து போட்டுக் கரைத்துக் கொடுத்துக் கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். முலைப்பாலையும் நிறுத்தக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவதால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாவதையும், கண் மைகளில் ஈயம் கலந்திருப்பதையும் வைத்தியர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மை மாரியாத்தாளின் விளையாட்டு என்று கூழ் ஊற்றிய நாட்டில், 1975-க்குப் பிறகு அந்த நோய் இல்லாமல் போய்விட்டது. ஆத்தாள் மனம் இரங்கிப் போகவில்லை. அம்மை குத்தியதால் போயிற்று. இளம்பிள்ளை வாதமும் அப்படியே சொட்டு மருந்தினால் ஒழிந்து, 2014-ல் இந்தியா அந்த நோயற்ற நாடென்று சான்று பெற்றது. இந்தச் சங்கதிகளைத் தாய்க்கு மாத்திரம் சொல்லிக் கொடுத்தால் போதாது. தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி என்ன என்று தன் குழந்தையின் தகப்பனுக்குத் தெரியுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"எங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாள், அவள் பார்த்துக் கொள்வாள்" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். பாட்டியும் ஒரு பெண்தானே! 25 வயதில் ஒரு தடவை ஓய்வைப் பறிகொடுத்தவள், 60 வயதில் மறுபடியும் பறிகொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? தாத்தா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டுதானே இருக்கிறார்? "ஆயா வைத்துக் கொள்ளுவோம்" என்பார்கள் பணக்காரர்கள். அந்த ஆயாவுக்கும் ஒரு குழந்தை இருக்கலாம். அவள் உங்கள் குழந்தையைத் தூக்க வந்துவிட்டால் அவள் குழந்தையை யார் தூக்குவது? பத்து வயது மூத்த பெண் இருந்தால், அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தூக்க வேண்டியதாகின்றது. ஆக, பணக்கார வீட்டு ஆண் இறக்கி வைத்த சுமை, அவன் மனைவி தலையிலிருந்து ஆயா தலைக்கும், ஆயா தலையிலிருந்து ஏழைச் சிறுமி தலைக்கும் மாறி, கடைசியில் ஒரு சிறு பெண்ணின் படிப்பைக் கெடுத்துத்தான் நிற்கின்றது. எந்தப் படியிலும் அது ஆண் தலையில் ஏறுவதில்லை.

இனி சர்க்கார் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளிகளின் தலையை மாத்திரம் எண்ணி, இத்தனை பெண்கள் இருந்தால் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று சொல்லிற்று. ஆண் தொழிலாளிகளுக்குக் குழந்தையே இல்லை போலும்! 1961-ம் வருஷத்துப் பிரசவச் சலுகைச் சட்டத்தை 2017-ல் திருத்தி, லீவை முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாக்கினார்கள். ஆண் பெண் சேர்த்து 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் வைத்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் குழந்தையை நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துவிட்டு வரும் உரிமையைப் பெண்ணுக்கு மாத்திரம் எழுதினார்கள். தகப்பனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள் லீவுகூடக் கிடையாது. மத்திய சர்க்கார் ஆண் உத்தியோகஸ்தருக்கு 15 நாள் உண்டு. தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் தன் பெண் உத்தியோகஸ்தர்களுக்குப் பிரசவ லீவை 12 மாதமாக உயர்த்திற்று. அதை நாம் குறை சொல்லவில்லை. லீவு முழுவதும் தாய்க்கே என்றிருந்தால், தனியார் முதலாளி பெண்ணை வேலைக்கு வைத்துக் கொள்ளவே யோசிப்பான் என்பதையும், தகப்பன் தன் வீட்டிலேயே விருந்தாளியாகி விடுவான் என்பதையுந்தான் சொல்லுகிறோம். சுவீடன் தேசத்தில் 1974-லேயே பிரசவ லீவைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவான லீவாக மாற்றினார்கள். இன்று அங்கே ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 90 நாள் தாய்க்கென்றும், 90 நாள் தகப்பனுக்கென்றும் தனித்தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தகப்பன் தன் 90 நாளை எடுக்காவிட்டால் அது தாய்க்குப் போகாது, வீணாய்த்தான் போகும். அந்த நாட்டு ஆண்களின் ஆண்மை இதனால் குறைந்து போய்விட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

நமது நாட்டில் 1975-ல் ஏற்பட்ட குழந்தைகள் நலத் திட்டத்தினால் கிராமந்தோறும் அங்கன்வாடி இருக்கின்றது. தமிழ்நாட்டில் மாத்திரம் 54 ஆயிரத்திற்கு மேல் இருக்கின்றன. ஆனால் அந்த அம்மாள் மாலை 6 மணிக்கு வேலை விட்டு வருகிறாள். அங்கன்வாடி அதற்கு வெகு நேரத்திற்கு முன்பே சாத்தப்பட்டு விடுகின்றது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மத்திய சர்க்கார் கொடுக்கிற பணத்திற்குச் "சம்பளம்" என்று பெயரில்லை; "மதிப்பூதியம்" என்று பெயர். ஏன்? குழந்தையைப் பார்ப்பது பெண்ணின் தர்மம், தர்மத்திற்குக் கூலி எதற்கு என்கின்ற பழைய எண்ணந்தான். கோயில் தேருக்கும் கும்பாபிஷேகத்திற்கும் பணம் கண்டுபிடிக்கத் தெரிந்த நாட்டில், வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார் வீடு திரும்பும் வரை திறந்திருக்கும்படியான குழந்தைகள் காப்பகத்திற்குப் பணமில்லை என்றால் யாராவது நம்ப முடியுமா?

கடைசியாக நமது தோழர்களுக்குச் சில வார்த்தைகள். பெண்களுக்குக் குழந்தை பெறும் தொல்லை இருக்கிறவரை விடுதலை இல்லை என்று பெரியார் அவர்கள் சொன்னபொழுது நாடே கூச்சலிட்டது. அதைப் பெருமையோடு மேடையில் எடுத்துச் சொல்லுகிறோம். ஆனால் அந்தக் கூட்டத்தை முடித்துவிட்டு இரவு 12 மணிக்கு வீடு திரும்பும் தோழருக்குக் கதவு திறக்கிறவள், அப்பொழுதுதான் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கண்ணை மூடினவள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவளும் அந்தக் கூட்டத்திற்கு வந்திருக்க வேண்டியவளல்லவா? மாநாடுகளில் மேடைக்கும் பந்தலுக்கும் இடம் ஒதுக்குகிற நாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும், அதில் முறை போட்டு ஆண் தொண்டர்களும் ஏற்படுத்தினோமானால், பெண்கள் ஏன் கூட்டத்திற்கு வருவதில்லை என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

1929-ம் வருஷம் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று நாம் தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் அது 1989-ல் சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005-ல் ஆயிற்று. சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுக்கச் சொன்னது போலவே, வீட்டு வேலையில் ஆணைப் பங்கு எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டிய காலம் இது. இதற்குச் சட்டசபையை எதிர்பார்த்து 60 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று இரவே ஆரம்பிக்கலாம்.

சுயமரியாதைக் கல்யாணங்கள் 1967-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறிய சட்டத்தினால் செல்லுபடியாயின. அக்கல்யாணங்களில் மணமக்கள் ஒருவருக்கொருவர் உற்ற தோழர்களாய் இருப்போம் என்று ஒப்பந்தம் சொல்லுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இனி ஒரு வாசகம் சேர்க்க வேண்டும் என்று நாம் யோசனை கூறுகின்றோம். "எங்களுக்குக் குழந்தை வேண்டுமா என்பதை இருவரும் சேர்ந்தே தீர்மானிப்போம், உண்டானால் அதன் வேலை முழுவதையும் இருவரும் சரிபாதியாய்ச் செய்வோம்" என்பதே அது. மாலை மாற்றுவதற்கு முன் மணமகன் இதைச் சபையோர் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லத் தயங்குகிறவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்க வேண்டும்.

ஏற்கனவே குழந்தை உள்ள தோழர்கள், குழந்தையைக் குளிப்பாட்டுவது, இரவில் எழுந்திருப்பது, சோறு ஊட்டுவது, தடுப்பூசிக்குக் கொண்டு போவது ஆகிய காரியங்களில் பாதியை இன்றைக்கே எழுதி வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். "உதவி செய்கிறேன்" என்று சொல்லக்கூடாது. தன் குழந்தைக்குச் சோறு போடுகிறவன் யாருக்கும் உதவி செய்கிறவனல்ல. அவ்விதம் செய்கிற வீட்டில் பூச்சாண்டிக்கும், கண்ணைக் குத்துகிற சாமிக்கும் வேலை இல்லாமல் போகும். ஏன், எதற்கு என்று குழந்தை ஓயாமல் கேட்கப்போகிற 3-வது வயதில், உட்கார்ந்து பதில் சொல்ல அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். பகுத்தறிவுப் பிரசாரத்தை அங்கே ஆரம்பிக்கும்படி தோழர்களை வணக்கமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.